கடல் கடந்து குடித்தனம்: கையில் எவ்வளவு வேண்டும்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வடசேரிச் சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வந்து, அப்பாடா என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மருமகள் வந்தாள். இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எக்கா, நாலு பேரு புது நாட்டுக்குக் குடித்தனம் போணும்னா கையில எவ்வளவு பைசா வேணும்?"

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்தவள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள். கணவர் தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்துக் கம்பெனிக்குப் போய் வருகிறவர். இருவரும் ஒரு வருஷமாகக் கனடாவுக்குப் போக முயன்று கொண்டிருந்தார்கள். அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்தாகிவிட்டது. அழைப்பு வந்த அறுபது நாளைக்குள் எல்லாக் காகிதங்களையும் அனுப்பியாக வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய சமயத்தில் இவள் ஏன் இப்படி நிற்கிறாள்?

"கணக்கில 28,362 டாலர் காட்டணுமாம். எங்ககிட்ட பதினோரு லட்சம்தான் இருக்கு. மீதிய அவியளுக்க அண்ணன் ஆறு மாசத்துக்கு எங்க கணக்கில போட்டுத் தாரேன்னு சொல்லுகாவ. விசா வந்ததும் திருப்பிக் குடுத்திரலாமாம். போதலைன்னா எனக்க நகையை பேங்கில வைக்கணுமாம். எனக்கு என்னமோ மனசு ஒப்பலக்கா."

மனசு ஒப்பாதது சரிதான் என்றேன். ஏன் என்பதை அன்று அவளுக்குச் சொன்னது போலவே உங்களுக்கும் சொல்கிறேன். நம் ஜில்லாவில் வெளிநாட்டுப் பேச்சு அடிபடாத தெரு உண்டா? கொளச்சல், இனயம் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் வளைகுடாவில் மீன்பிடிக்கப் போகிறார்கள். மார்த்தாண்டம், தக்கலைப் பெண்கள் நர்ஸ் உத்தியோகத்துக்குப் போகிறார்கள். நாகர்கோவில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் போகிறார்கள். விசா, டிக்கெட் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில்.

காட்டுகிற பணமா, சாப்பிடுகிற பணமா?

கனடா கேட்கிற தொகை குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. 2025 ஜூலையில் திருத்திய கணக்குப்படி ஒருவருக்கு 15,263 கனடா டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362. வருஷா வருஷம் மாற்றுகிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும்போது அந்த வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். அங்கே வேலை செய்ய அனுமதியும் முறையான வேலைக் கடிதமும் ஏற்கெனவே உள்ளவர்களிடம் இந்தத் தொகையைக் கேட்பதில்லை. மற்றவர்கள் காட்டத்தான் வேண்டும். மனைவி மக்களை இங்கேயே விட்டுவிட்டு அவர் மட்டும் போனாலும் நால்வருக்குமான தொகைதான்.

டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்தால் நால்வருக்குச் சுமார் 18 லட்சத்து 43 ஆயிரம் ரூபாய்.

இந்த இடத்தில் எதிர்வீட்டுப் பாட்டியும் வந்து சேர்ந்துகொண்டார். திருவிதாங்கூர் காலத்து மனுஷி. பணத்துக்கு இன்றைக்கும் 'சக்கரம்' என்றுதான் சொல்வார். "அது எத்தன சக்கரம் மக்களே?" என்றார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரை சக்கரம். நோட்டுப் புத்தகத்திலேயே பெருக்கிப் பார்த்தோம். ஐந்தே கால் கோடிச் சக்கரம்! பாட்டி அப்படியே வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இருக்கட்டும். பலரும் இந்தத் தொகையைக் கோயில் திருவிழாவுக்கு இரவல் நகை போடுகிற மாதிரி நினைக்கிறார்கள். ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது தெரியுமா? குறைந்த வருமானக் குடும்பம் என்று அவர்கள் கருதுகிற வருஷ எல்லை ஒன்று உண்டு. அதில் சரிபாதியைத்தான் கேட்கிறார்கள். அதாவது, வேலையே கிடைக்காவிட்டாலும் சிக்கனமாக ஆறு மாசம் தாக்குப்பிடிக்க வேண்டிய பணம். உங்கள் பிள்ளைகளின் ஆறு மாசத்துச் சோறு அது.

இரவல் பணம் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. வங்கியிலிருந்து வாங்கித் தருகிற கடிதத்தில் கணக்கு என்று தொடங்கியது, இன்றைய இருப்பு எவ்வளவு, கடந்த ஆறு மாசத்துச் சராசரி இருப்பு எவ்வளவு, கடன் பாக்கி ஏதும் உண்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். திடீரென்று ஏழு லட்சம் வந்து விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். பொய் சொன்னதாகத் தீர்மானித்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. அதற்குள் வயசு ஏறிவிடும். வயசு ஏற ஏற அங்கே மதிப்பெண்ணும் குறையும். வீடு, நிலம், தோப்பின் மதிப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

அப்பா மனசாரக் கொடுத்து, திரும்பக் கேட்கப் போவதில்லை என்றால் அது வேறு. அதை எழுத்தில் வாங்கி, பணம் வந்த வழியையும் காகிதத்தில் காட்டுங்கள். மனைவியும் கூடப் போகிறாள் என்றால் கூட்டுக் கணக்கில் உள்ள பணமும் சேரும். அதனால் சகோதரிகளே, உங்கள் பேரில் போட்ட டெபாசிட்டை 'அது என்ன பெரிய பணம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கு

எதிர்வீட்டுக்காரர்கள் திட்டப்படி நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டோம். இருப்பது பதினோரு லட்சம். நாலு டிக்கெட், விண்ணப்பக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, பெட்டி படுக்கை எல்லாவற்றுக்கும் மூன்று லட்சம் என்று வைத்தோம். அண்ணன் பணம் அண்ணனுக்குப் போய்விடும். மிச்சம் எட்டு லட்சம், டாலரில் 12,300.

இவர்கள் போவதாக இருப்பது ஒண்டாரியோ மாகாணம். அங்கே வீட்டுக்காரர் முதல் மாச வாடகையோடு கடைசி மாச வாடகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். மாச வாடகை 2,200 என்று வைத்தோம் (டொரண்டோ நகரத்துக்குள் என்றால் இதற்கு மேலேயே ஆகும், சிறிய ஊரில் குறையும்). கடைசி மாச வாடகை 2,200. மெத்தை, போர்வை, அடுப்படிச் சாமான், நால்வருக்கும் குளிர் உடுப்பு, பூட்ஸ் 2,500. ஆக இறங்கியவுடன் 4,700 போயிற்று. அப்புறம் மாசா மாசம் வாடகை 2,200, பலசரக்கும் பாலும் 900, பஸ், போன், மின்சாரம், சோப்பு சீப்பு 600. கூட்டினால் 3,700.

12,300-ல் 4,700 போக மிச்சம் 7,600. இரண்டு மாசம் ஓடும். அவ்வளவுதான்! மூன்றாவது மாசம் வாடகைக்கு என்ன செய்வது? அதே சமயம் இங்கே நகைக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

முழுப் பணமும் சொந்தப் பணமாக இருந்தால்? 28,362-ல் 4,700 போக 23,662. அதை 3,700-ஆல் வகுத்தால் ஆறு மாசத்துக்குச் சற்று மேல். பார்த்தீர்களா, அரசாங்கம் சொன்ன ஆறு மாசமும் அடுப்படிக் கணக்கும் ஒத்துப்போகின்றன.

"ஆறு மாசமா வேலை கிடைக்காம இருக்கும்?" என்று கேட்டாள். கிடைக்கலாம். ஆனால் அவளையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எத்தனை வருஷம் நர்ஸாக இருந்தாலும், அங்கே படிப்பைச் சரிபார்த்து, என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற பரீட்சை எழுதி, மாகாணத்தில் பதிவு செய்த பிறகுதான் நர்ஸ் வேலை பார்க்கலாம். அதற்கு மாசக்கணக்கில் ஆகும். அவரோ கம்ப்யூட்டர்க்காரர், ஆனாலும் முதல் வேலைக்கு அலையத்தான் வேண்டும். பணம் இல்லாமல் இறங்கியவன் முதலில் கிடைத்த எந்த வேலையையும் பிடித்துக்கொள்வான். அப்புறம் அதிலிருந்து வெளியே வர நேரம் கிடைக்காது. ஆறு மாசப் பணம் என்பது நல்ல வேலைக்காகக் காத்திருக்கிற தெம்பு என்று நான் சொல்வேன்.

இதில் டிக்கெட் பணம் சேராது என்பதை மறக்காதீர்கள். நால்வரும் திரும்பி வர ஆகும் பணத்தையும் இங்கேயே ஒரு டெபாசிட்டில் தனியாகப் போட்டு வையுங்கள். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று என் மேல் கோபப்பட வேண்டாம். அம்மாவுக்கோ மாமியாருக்கோ உடம்பு முடியாமல் போனால் ஓடி வருவதற்கும் அந்தப் பணம்தான்.

முன்னால் போனவர்கள்

நம் ஊருக்குக் குடிபெயர்வு புதிதல்ல. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே தென் திருவிதாங்கூரிலிருந்து ஏழை ஜனங்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். சேமிப்போடு போகவில்லை, கடனோடு போனார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடனை எழுதின சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்குத்தான் போக முடியும். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். கடனோடு கடல் தாண்டினவர்கள் கதை நம் பக்கத்தில் இப்படி இருந்திருக்கிறது.

1960-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகள் எட்டு டாலரோடு இறங்கினதாகப் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான். அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு அப்படி இருந்தது. ஆனால் பெரும்பாலும் அவர்கள் தனி ஆட்கள். கல்லூரி உதவித்தொகை காத்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு போகிற நமக்கு அந்தக் கதை பொருந்தாது.

வளைகுடா போகிறவர்கள் கணக்கு வேறு. அங்கே போகும்போது ஆள் கொண்டு போக வேண்டிய பணத்தை விட, வீட்டில் விட்டுப் போக வேண்டிய பணம்தான் முக்கியம். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்குண்டான ஜி.எஸ்.டி.யும். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 'ஃப்ரீ விசா' என்று சொல்லி ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். பத்தாவது படிக்காமல் குடிபெயர்வு அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் உண்டு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம்தான். அந்தப் பாலிசியின் நகல் மனைவியிடம் இருக்க வேண்டும், புருஷன் பெட்டியில் மட்டும் இருந்து பிரயோசனமில்லை.

அவர் போன பிறகு முதல் சம்பளம் வந்து சேர இரண்டு மாசம், மூன்று மாசம் ஆகிவிடும். அதுவரை வீட்டுச் செலவு, பள்ளிக்கூடக் கட்டணம், கடனுக்குத் தவணை எல்லாம் உங்கள் தலையில். ஆகவே குறைந்தது நாலு மாசத்துச் செலவு உங்கள் பேரில் உள்ள கணக்கில் இருக்கட்டும்.

சேர்ந்த பணத்தையெல்லாம் அங்கேயே வைத்திருப்பதும் ஆபத்து. 1990 ஆகஸ்ட் 2-ந் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை ஜோர்டான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். வருஷக்கணக்காகச் சேர்த்ததை விட்டுவிட்டு, போட்ட துணியோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். 2020-ல் கொரோனா சமயத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்களைக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஏற்றி வந்து ஜூலை 1-ந் தேதி தூத்துக்குடியில் இறக்கியது. மாசக்கணக்காகத் தொழிலும் இல்லாமல், ஊருக்கு வரவும் வழியில்லாமல் கிடந்தவர்கள் அவர்கள்.

எப்படிக் கொண்டு போவது?

நோட்டாகக் கட்டி மடியில் முடிந்துகொண்டு போகிற காலமில்லை. வெளிநாட்டு நோட்டாக ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் எடுத்துப் போக அனுமதி இல்லை. மீதியை வங்கி மூலம் அனுப்பலாம், கார்டில் போட்டுக்கொள்ளலாம். கனடாவில் இறங்கும்போது 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வரி கிடையாது, மறைத்தால் பறிமுதல்.

நிதி ஆண்டில் ஒருவர் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், 2025 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி மேற்கொண்ட தொகையில் வங்கி 20 சதவிகிதம் வரி பிடித்து வைக்கும். பிறகு வருமான வரிக் கணக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். ஆனால் முதல் ஆறு மாசத்தில் தேவைப்படுகிற பணம் இங்கே முடங்கிவிடுமே! ஆகவே அவர் பேரில் ஒன்பது லட்சம், உங்கள் பேரில் ஒன்பது லட்சம் என்று பிரித்து அனுப்பலாம். அதற்காவது பெண்கள் பேரில் வங்கிக் கணக்கும் பான் கார்டும் வேண்டும் என்று ஆண்களுக்குச் சொல்லுங்கள்!

நகையைக் கொண்டுபோவதாக இருந்தால், புறப்படும்போது விமான நிலையத்துச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்குங்கள். பிற்பாடு திரும்பக் கொண்டுவரும்போது 'அங்கே வாங்கியது' என்று வரி கேட்க மாட்டார்கள். ஊரை விட்டுப் போனதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். பெண் குழந்தைக்குத் தபாலாபீசில் செல்வமகள் கணக்கு வைத்திருந்தால், குழந்தை வெளிநாட்டுவாசி ஆனதும் அதை முடித்துவிட வேண்டும் என்பது விதி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வைத்தியச் செலவு

கனடாவில் டாக்டரைப் பார்க்க, ஆஸ்பத்திரியில் சேரக் காசு கேட்பதில்லை என்பது சரிதான். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வந்து சேர்ந்த மாசத்தின் மீதி நாட்களும் அதற்கப்புறம் இரண்டு மாசமும் காத்திருந்தால்தான் அந்த அட்டை செல்லும். ஒண்டாரியோவில் அந்தக் காத்திருப்பை 2020-ல் எடுத்துவிட்டார்கள். காத்திருக்க வேண்டிய மாகாணத்துக்குப் போகிறவர்கள், அதிலும் கர்ப்பிணிகள், அந்த மாசங்களுக்குத் தனி இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைப் பெரியவர்களுக்கு மாகாணக் காப்பீடு பொதுவாக ஏற்காது. இங்கேயே பல்லைப் பார்த்து, அடைக்க வேண்டியதை அடைத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். கண்ணாடி போடுபவர்கள் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்குப் போட்ட தடுப்பூசிக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி டாக்டர் கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். ஒண்டாரியோவில் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் டி கொடுக்கச் சொல்வது அங்குள்ள சுகாதாரத் துறை. நம் ஊர் வெயில் அங்கே ஏது?

குழந்தைகளுக்காக அரசாங்கம் மாசா மாசம் பணம் கொடுக்கிறது. 2025 ஜூலை முதல் ஒரு வருஷத்துக்கு, ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு அதிகபட்சம் 7,997 டாலர். அதற்கு மேல் பதினேழு வயசு வரை 6,748. சாதாரணமாகத் தாய் பேரில்தான் வரும்! ஆனால் விண்ணப்பித்துக் கைக்கு வந்து சேர நாளாகும். முதல் மாசங்களின் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று?

அன்றிரவு அவள் நோட்டுப் புத்தகத்தைக் கணவரிடம் காட்டியிருக்கிறாள். அவருக்கு முதலில் கோபம். "ஊர் உலகத்துல எல்லாரும் செய்யுகதுதானே" என்றாராம். ஏழெட்டு நாள் பேச்சுவார்த்தை சரியாக இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இருவருமாக உட்கார்ந்து மறுபடி கூட்டினோம். இருப்பு பதினொன்று. தேவை, டிக்கெட்டோடு இருபத்தொன்றரை. குறைகிறது பத்தரை லட்சம்.

வாசலில் நிற்கிற காரை யாருமே கணக்கில் சேர்க்கவில்லை! போகும்போது விற்கத்தானே வேண்டும்? மூன்று லட்சம் தேறும் என்றார். மிச்சத்துக்கு, நகையை அடகு வைப்பதற்குப் பதில் ஆரத்தையும் வளையல்களையும் விற்றுவிடுகிறேன் என்றாள் அவள். அடகு என்றால் கடன், வட்டி துரத்தும். விற்றால் அந்தப் பணம் சொந்தப் பணம். "எனக்க அம்மை போட்டது" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது; ஆனால் அவள் யோசித்துச் சொன்னதை நான் ஏன் கலைக்க வேண்டும்? விற்ற ரசீதைப் பத்திரமாக வைத்து, விளக்கக் கடிதத்தோடு சேர்க்கச் சொன்னேன். லாபத்துக்கு வருமான வரி உண்டு என்பதால் ஆடிட்டரையும் பார்க்கச் சொன்னேன். அப்படியும் நேரம் போதாவிட்டால் இந்த அழைப்பை மறுத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம். அதற்குத் தண்டனை எதுவும் இல்லை.

இன்னொன்றும் முடிவாயிற்று. முதலில் அவர் மட்டும் போகிறார். இன்னொருவரோடு பகிர்ந்துகொள்கிற அறை, கஞ்சி, பஸ் எல்லாம் சேர்த்து மாசம் 1,400 டாலரில் ஓட்டினால், நாலு மாசத்தில் 9,000 டாலருக்கு மேல் மிச்சம். பெரியவன் இங்கே பள்ளிக்கூட வருஷத்தை முடித்துவிடுவான். விசாவில் போட்டிருக்கிற கடைசித் தேதிக்குள் அவளும் பிள்ளைகளும் போய்விட வேண்டும். அதை மட்டும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கச் சொன்னேன். நாலு மாசப் பிரிவு லேசான காரியம் இல்லைதான். அதிலும் சின்னது அப்பாச் செல்லம்.

நேற்று கார் போயிற்று. மூன்று லட்சத்து இருபதாயிரம். அந்த இருபதாயிரத்தைத் தன் பேரில் தபாலாபீசில் போட்டிருக்கிறேன் என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள்.